ஜெர்மனியில் படிப்பு இலவசமா? தோட்டப்புறப் பெற்றோர் போட வேண்டிய கணக்கு

நியாலாஸ் - எஸ்பிஎம் முடிவுகள் வந்ததும் மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்குமா என்ற கவலை தோட்டப்புற வீடுகளில் தொடங்கிவிடுகிறது. அதோடு “ஜெர்மனியில் படிப்பு இலவசம்” என்ற பேச்சும் இப்போது சேர்ந்து வருகிறது. இதை நம்பலாமா?

பாதி நம்பலாம். ஆகன், பெர்லின், டிரெஸ்டன் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடமும் பொதுவாகக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பருவத்துக்குச் சில நூறு யூரோ செலுத்தினால் போதும். ஆனால், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ நகரங்கள் உள்ள மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியே இருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் பாடத்தைப் பொறுத்து 2,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது.

உண்மையான தடை வேறு. விசாவுக்கு முன்பே ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. நம் பணத்தில் ஏறக்குறைய 55,000 முதல் 60,000 ரிங்கிட். அது மாணவரின் சொந்தப் பணம்தான். மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். ஆனாலும் தோட்டச் சம்பளத்தில் அதை மொத்தமாகப் புரட்டுவது எளிதல்ல.

அடுத்தது தகுதி. எஸ்பிஎம் சான்றிதழை மட்டும் வைத்து நேரடியாகச் சேர முடியாது. எஸ்டிபிஎம் போன்ற தகுதி வேண்டும். இளங்கலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கின்றன. ஜெர்மனி செல்வோருக்கான தயாரிப்புக் கல்வியைக் காஜாங்கில் உள்ள ஜெர்மன்-மலேசியக் கழகம் நடத்தி வந்துள்ளது. ஆனால், மாரா நிதியுதவி பூமிபுத்ரா மாணவர்களுக்கு உரியது. பிடிபிடிஎன் கடனோ உள்நாட்டுப் படிப்புக்கு மட்டுமே.

ஆகவே, பெரும்பாலான தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ஏற்ற வழி, இங்கே பொறியியல் அல்லது அறிவியல் பட்டம் முடித்துவிட்டு முதுகலைக்கு ஜெர்மனி போவது. அந்த நிலையில் ஆங்கிலவழிப் படிப்புகள் நிறைய உண்டு. படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்யலாம். முடித்தபின் வேலை தேட 18 மாத அனுமதியும் கிடைக்கும்.

அதற்கு மேல் ஆராய்ச்சி. நம் ஊரில் பலர் அறியாத செய்தி இது. ஜெர்மனியில் பொறியியல் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்வோரில் பலர் பல்கலைக்கழகத்தின் சம்பள ஊழியர்கள். பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் வேலைக்கு விண்ணப்பித்து, ஒப்பந்தம் போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டே ஆய்வு செய்கிறார்கள்.

மலாக்காவுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1973இல் சீமென்ஸ் இங்கே தொடங்கிய ஆலைதான் இன்று பத்து பெரெண்டாமில் உள்ள இன்ஃபினியன். சிப்களைப் பொதித்துச் சோதிக்கும் வேலை அங்கே நடக்கிறது. அதன் தலைமையகம் மியூனிக் அருகில். பெரிய சிப் ஆலை ஒன்று டிரெஸ்டனில். இரண்டு ஊரிலும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உண்டு. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்குத் தொழிற்சாலை பஸ் பழக்கமானதுதான். ஆனால், அந்த ஆலையின் உற்பத்தி வரிசையில் நிற்பதற்கும் அதன் அடுத்த சிப்பை வடிவமைப்பதற்கும் இடையில் இருப்பது ஆறேழு ஆண்டுப் படிப்பு மட்டுமே.

இதற்கு ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகத்திற்கு நேரடியாக அல்லது யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக விண்ணப்பிக்கலாம். யூனி-அசிஸ்ட் முதல் விண்ணப்பத்திற்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ வாங்குகிறது. ஜெர்மன் பட்டம் இங்கே அங்கீகரிக்கப்படுமா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வதும் நல்லது.

மிஞ்சுவது முடக்கக் கணக்குப் பணம். இதில்தான் சமுதாயம் கைகொடுக்க முடியும். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களையே வாங்கியது. கூட்டுறவுகளும் ஆலய நிர்வாகங்களும் இந்த ஒரு தேவைக்கென வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றை உருவாக்கினால், ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகள் போனாலும் போதும். அவர்கள் திருப்பிக் கட்டும் பணத்தில் அடுத்த இருவர் புறப்படுவார்கள்.