சாவடி ஏடுகள் உறங்கலாமா?



நாமக்கல் முட்டையின் இன்றைய விலை என்ன? பண்ணையார் மட்டுமல்ல, கேரளத்துக் கடைக்காரரும் கூறுவார். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையை நாளும் அறிவிக்கிறது, நாளேடுகள் அச்சிடுகின்றன. அதே நாமக்கல்லிலே, ஒரு வாக்குச்சாவடியில் சென்ற மூன்று தேர்தல்களில் எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு என்று கேட்டுப் பாருங்கள்! அரசியல் ஆராயும் மாணவன் அலைந்து களைக்கிறான். முட்டைக்கு உள்ள மதிப்பு மக்கள் தீர்ப்புக்கு இல்லையா?

கணக்கு இல்லாமலில்லை. படிவம் 20 என்றோர் ஏடு உண்டு. சாவடிதோறும் விழுந்த வாக்குகள் அதிலே உள்ளன. தலைமைத் தேர்தல் அலுவலரின் இணையதளத்திலும் அது காணக்கிடைக்கிறது. எப்படி? பெரும்பாலும் பக்கம் பக்கமாய்ப் படம் பிடித்து! கண்ணாடிப் பேழைக்குள் வைத்த சோறு; காணலாம், உண்ண முடியாது. அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் 1962 முதலான தேர்தல் முடிவுகளைத் திரட்டி, எவரும் எடுத்தாளும் வண்ணம் இலவசமாய்த் தந்தது. அரும்பணி! ஆயினும் அது தொகுதிவாரிக் கணக்கு.

தொகுதிக் கணக்கால் இந்தச் சமவெளியின் மனத்தை அளந்துவிட முடியுமா? மக்கள்தொகைக் கணக்கு மாவட்டவாரியாக வருகிறது. 2011 இல் சேலத்தில் 34,82,056 பேர், நாமக்கல்லில் 17,26,601 பேர். ஆனால் சேலம் மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகளில் ஆறுதான் சேலம் நாடாளுமன்றத் தொகுதியில் அடங்கும். சங்ககிரி நாமக்கல்லோடு, மேட்டூர் தருமபுரியோடு, ஆத்தூரும் கெங்கவல்லியும் ஏற்காடும் கள்ளக்குறிச்சியோடு! நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையமோ ஈரோட்டுக்குப் போயிற்று. 1957 இல் ஈ.வெ.கி. சம்பத் வென்ற நாமக்கல்லும், 2009 இல் வாக்களித்த நாமக்கல்லும் பெயரால் ஒன்று; எல்லையால் வேறு. சாவடிக் கணக்கு கையிலிருந்தால் எந்த எல்லைக்கும் கூட்டிக்கொள்ளலாம். சாவடிகளும் பிரிகின்றன, மாறுகின்றன. எந்தத் தெரு எந்தச் சாவடியில் என்ற குறிப்பும் வேண்டும். அதை அறிந்தவர் யார்? பேராசிரியர் அல்லர்; நீங்கள்!

2024 மே திங்களில் நடந்தது நினைவிருக்கும். சாவடியில் பதிவான வாக்குகளின் எண்ணிக்கையைச் சொல்லும் படிவம் 17சி வெளியிடப்பட வேண்டும் என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் உச்சநீதிமன்றத்தில் வழக்காடியது. மே 24 அன்று இடைக்கால ஆணை கிடைக்கவில்லை. மறுநாள், ஐந்து கட்டங்களுக்கும் தொகுதிவாரி எண்ணிக்கையைத் தேர்தல் ஆணையம் வெளியிட்டது.

நியாயமான கோரிக்கை! ஆனால் அந்தப் படிவத்தின் படி, விதிப்படி, சாவடியிலிருக்கும் நம் முகவர் கையிலேயே தரப்படுகிறதே! வாக்கு எண்ணி முடிந்தபின் அது எங்கே? பரணிலே; பழைய சுவரொட்டிக் கட்டுக்கு அடியிலே!

"மாற்றார் பார்த்துவிடுவாரே" என்பீர்கள். மாற்றாரின் முகவருக்கும் அதே படி கிடைத்ததன்றோ?

"தங்களுக்கு வாக்களிக்காத தெருவை வென்றவர் பழிவாங்கினால்?" இக்கேள்வி கனமானது. சாவடி வாக்குகளைக் கலந்து எண்ணும் கருவியை ஆணையமே 2008 இல் முன்மொழிந்தது இதற்காகத்தான். எனினும், பழிவாங்க நினைப்பவன் படிவம் 20 ஐ என்றோ படித்துவிட்டான். படிக்க இயலாதவன் மாணவனே. வாக்காளர் பெயரும் சாதியும் மட்டும் ஏட்டில் ஏறக்கூடாது.

ஒன்றியத்துக்கு, தட்டச்சு தெரிந்த இரு தோழர்கள் போதும். சாவடி எண், அதில் அடங்கிய தெருக்கள், பதிவான வாக்குகள், படிவம் 20 இலுள்ள கட்சிவாரி வாக்குகள், இவற்றை அட்டவணையாக்குங்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக மாணவன் கேட்டால் கொடுங்கள். அவன் மாற்றுக்கட்சிக்காரனாயினும் கொடுங்கள். 2024 ஏடுகளிலிருந்து தொடங்கலாம். அவையேனும் இன்னும் செல்லரித்திரா.