படம் பார்த்த கணக்கு யாரிடம் இருக்கிறது?



கடந்த சில மாதங்களாக என் வகுப்பு மாணவர்கள் ஒரு சிற்றேடு எழுதி வருகிறார்கள். அந்த வாரம் வீட்டில் என்னென்ன திரைப்படங்கள் பார்த்தார்கள், அவற்றுள் எவையெவை முன்பே பார்த்தவை என்று அதில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்காக எனக்குக் கிடைத்த வசைகள் கொஞ்சநஞ்சம் அல்ல!

ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார்: “பிள்ளைகள் படம் பார்ப்பதைக் குறைக்க நாங்கள் படாத பாடு படுகிறோம். நீங்கள் அதற்கு ஏடு வேறு போட்டுக் கொடுக்கிறீர்களா?” தேர்ச்சி அறிக்கை வாங்க வந்த தந்தை ஒருவர், “என் மகனுக்கு வாய்ப்பாடே வரவில்லை. படக்கணக்கு எதற்கு ஐயா?” என்றார். தாயார் ஒருவர் சற்றுச் சினத்துடனேயே, “எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று வேவு பார்க்கிறீர்களா?” என்று வினவினார்.

மூவருக்கும் மறுமொழி கூறக் கடமைப்பட்டுள்ளேன். சற்று நீளமாகத்தான் கூற வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க.

அன்று ஏடு தேவைப்படவில்லை

1970களின் இறுதியில் நான் சிறுவன். தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு குடும்பமே போய் அமரும். அந்த ஒரு படத்தைப் பற்றி அடுத்த படம் வரும்வரை லயத்து வாசல்களில் பேச்சு நடக்கும். பார்த்த படத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கத் தேவையும் இல்லை. ஊரே நினைவில் வைத்திருந்தது.

பிறகு 1980களில் ஒளிநாடா வந்தது. அடுத்து வட்டு வந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. வானவில் அலைவரிசை வரவேற்பறைக்குள் நுழைந்தது. 2016 தொடக்கத்தில் நெட்பிளிக்ஸ் நம் நாட்டிற்குள் கால் வைத்தது. இன்று திரை பிள்ளையின் உள்ளங்கையில் இருக்கிறது. திடலில் ஊரோடு பார்த்த காலம் போய், போர்வைக்குள் தனியாகப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருக்கும் அண்ணனுக்கே தம்பி என்ன பார்க்கிறான் என்பது தெரியாது. இந்த நிலையில், “எங்கள் வீட்டில் அவ்வளவாகப் படம் பார்ப்பதில்லை” என்று எந்தப் பெற்றோர் கூறினாலும், எதை வைத்துக் கூறுகிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

கணக்கு இருக்கிறது, நம்மிடம் இல்லை

வேவு பார்ப்பதாகச் சொன்ன தாயாருக்கு ஒன்று கூறுவேன். அம்மா, உங்கள் வீட்டுக் கணக்கு முன்பே எழுதப்பட்டு வருகிறது. இணையவழிப் படம் காட்டும் நிறுவனங்கள் உங்கள் பிள்ளை எந்தப் படத்தை எப்போது தொடங்கினான், எங்கே நிறுத்தினான், மறுபடி எப்போது பார்த்தான் என்பதையெல்லாம் பதிந்து வைக்கின்றன. அந்தப் பதிவைக் கொண்டுதான் அடுத்த படத்தை அவன் கண்முன் நீட்டுகின்றன. கடல் கடந்த நிறுவனம் அறிந்ததைப் பெற்ற தாய் அறியவில்லை. கற்பிக்கும் ஆசிரியனும் அறியவில்லை.

நம் பாட்டன் பாட்டிமார் பட்டது நினைவிருக்கிறதா? விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்தார்கள். பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, எடை போடும் இடத்தில் இறக்கினார்கள். எடையைக் கிராணியார் தம் ஏட்டில் எழுதிக்கொண்டார். வெட்டியவர் கையில் ஏடு இல்லை. சம்பள நாளில், “குறைகிறதே ஐயா” என்று முறையிட்டால், எதைக் காட்டி முறையிடுவது? ஏடு வைத்திருந்தவர் சொன்னதே கணக்கு.

அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். உழைப்பின் கணக்கை அன்று பிறர் கையில் விட்டோம். நம் பிள்ளைகளின் ஓய்வு நேரக் கணக்கை இன்று பிறர் கையில் விட்டிருக்கிறோம். அன்று எழுதத் தெரியாமல் விட்டோம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இன்று என்ன சாக்கு?

முதலில் என் கணக்கு

பிள்ளைகளுக்கு ஏட்டைக் கொடுக்கும் முன் நான்கு வாரம் நானே எழுதிப் பார்த்தேன். ஒன்பது படங்கள்! அவற்றுள் ஆறு, முன்பே பார்த்தவை. ‘பாட்ஷா’ (1995) எத்தனையாம் முறை என்று எழுத முயன்று, முடியாமல், ‘பல’ என்று எழுதினேன். ஒரு படத்திற்கு இரண்டரை மணி நேரம் என்று கொண்டாலும் இருபத்திரண்டரை மணி நேரம். அதே நான்கு வாரத்தில் நான் படித்த நூல் ஒன்றே ஒன்று. அதுவும் பாதியில் நின்றது. “நேரமே கிடைப்பதில்லை” என்று ஆசிரியர் அறையில் நாள்தோறும் புலம்பியவன் நான்தான்!

எவரும் என்னைக் கண்டிக்கவில்லை. ஏடு மட்டும் மேசைமேல் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. படம் பார்ப்பதைக் குறைக்கப் படாத பாடு படும் நண்பருக்கு இதுவே என் மறுமொழி. “பார்க்காதே” என்று தடுத்து எத்தனை பிள்ளைகள் நிறுத்தியிருக்கிறார்கள்? தடுத்தால் மறைத்துப் பார்ப்பார்கள். எழுதினால் தாமே பார்ப்பார்கள், தம்மை.

மறுபடி பார்ப்பது குற்றமா?

இனி நான் செய்த தவற்றைக் கூற வேண்டும்.

ஒரு மாணவன் முதல் வாரம் ஒரு நகைச்சுவைப் படத்தின் பெயரை எழுதியிருந்தான். இரண்டாம் வாரமும் அதே பெயர். மூன்றாம் வாரமும் அதே. நான்காம் வாரமும் அதே பெயரைக் கண்டபோது, ஏட்டை நிரப்புவதற்காகப் பார்த்து எழுதிவிட்டான் என்று முடிவு கட்டினேன். சிவப்பு மையால், “வேறு படமே கிடைக்கவில்லையா?” என்று எழுதிக் கொடுத்தேன். வகுப்பில் சிலர் சிரித்தார்கள்.

மறுநாள் ஏடு திரும்பி வந்தது. என் சிவப்பு வரிக்குக் கீழே பென்சிலால் எழுதியிருந்தான்: “இருக்கிறது ஐயா. ஆனால் இதுதான் அப்பாவோடு பார்த்தது.”

அவன் தந்தை சிங்கப்பூரில் வேலை செய்கிறார்; வீட்டுக்கு வருவது அரிது. தாயார் தொழிற்சாலையில் மாறுநேர வேலை. சனிக்கிழமை பிற்பகலில் வீட்டில் அவனும் அந்தப் படமும்தான். கட்டுரை ஏட்டில், ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில், இம்மாணவன் எனக்கு எழுதிக் கொடுத்தது ஆறு வரி. அந்த ஆறு வரியில் இதில் ஒன்றும் இல்லை. “சொல்வளம் போதாது” என்று அதிலும் சிவப்பு மையால் எழுதியிருந்தேன்.

ஆண்டு முழுவதும் கற்பித்தும் நான் அறியாத ஒன்றை, ஒரே படத்தின் பெயர் நான்கு முறை எழுதப்பட்ட பக்கம் அறிவித்தது. மறுபடி பார்ப்பதைச் சோம்பல் என்றும், மந்தம் என்றும் எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! ஒரு பிள்ளை எதற்குத் திரும்பத் திரும்பப் போகிறதோ, அங்கே ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கேட்பதற்கே இந்த ஏடு.

கல்வி நோக்கிலும் மறுபார்வைக்கு மதிப்பு உண்டு. ஏ.பி. நாகராசன் இயக்கிய ‘திருவிளையாடல்’ (1965) படத்தை வகுப்பில் காட்டினேன். முதல் முறை தருமியாக வரும் நாகேசைக் கண்டு உருண்டு சிரித்தார்கள். வேறெதுவும் நினைவில் இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே காட்சியை மறுபடி காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, எதிரே நிற்பவர் கடவுள் என்று தெரிந்த பிறகும் நக்கீரர் ஏன் பிழை பிழைதான் என்கிறார்?” இதைவிட நல்ல தமிழ்ப் பாடம் நான் நடத்தியதில்லை. முதல் பார்வையில் கதை நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டாம் பார்வையில்தான் நாம் நின்று பார்க்கிறோம். செய்யுளை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லும் நாம், படத்தை மறுபடி பார்ப்பவனை மட்டும் ஏளனம் செய்வது எவ்வகையில் முறை?

இன்னொரு ‘நீலம்’ வேண்டவே வேண்டாம்!

உடனே சிலர் ஆர்வத்தோடு, “அப்படியானால் பள்ளி முழுவதும் நடத்தலாம், அதிகம் எழுதியவருக்குப் பரிசு கொடுக்கலாம்” என்று கிளம்புவார்கள். ஐயன்மீர், கைகூப்பிக் கேட்கிறேன், வேண்டாம்!

1999 முதல் நம் பள்ளிகளில் ‘நீலம்’ வாசிப்புத் திட்டம் நடக்கிறது. நோக்கம் உயர்ந்தது, குறை கூற மாட்டேன். ஆனால் எண்ணிக்கைக்குப் பரிசு என்றவுடன் என்ன நடந்தது? பின்னட்டையைப் பார்த்து எழுதிய பிள்ளைகளை நாம் பார்த்ததில்லையா? நூலைத் திறக்காமலே சுருக்கம் எழுதிய திறமையாளர்களுக்கு நாமே கைதட்டவில்லையா? பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். 2011இல் நியூசிலாந்தில் தொடங்கிய ‘லெட்டர்பாக்ஸ்டு’ என்னும் செயலியில் பார்த்த படத்தையும், பார்த்த நாளையும், அது மறுபார்வையா என்பதையும் குறிக்கலாம். நல்ல வசதிதான். ஆனால் இவ்வாண்டு எத்தனை படம் என்று எண்ணைக் கூட்டுவதற்காகவே பார்ப்பவர்களையும் நான் அறிவேன். எண்ணிக்கை உள்ளே வந்தால் உண்மை வெளியே போய்விடும்.

ஆகவே, செய்ய விரும்புவோர் இவ்வாறு செய்க:

1. ஒரு சாதாரணப் பயிற்சி ஏடு போதும். நாள், படம், யாருடன், எத்தனையாம் முறை, இம்முறை கண்டது. இந்த ஐந்து கட்டங்கள் மட்டும்.

2. கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம். அது முன்பு எழுதிய வாக்கியமாக இருக்கக்கூடாது.

3. புள்ளி இல்லை, பரிசு இல்லை, தண்டனை இல்லை. சிவப்பு மை அறவே கூடாது. (இது எனக்கு நானே இட்ட விதி.)

4. பெற்றோரும் எழுத வேண்டும். தந்தை எழுதாத வீட்டில் மகன் எழுதுவது கணக்கு அன்று, குற்ற வாக்குமூலம்!

5. மாதம் ஒருமுறை குடும்பமாக அமர்ந்து ஏட்டைப் படித்துப் பார்க்க வேண்டும்.

வாய்ப்பாடு வராத மகனின் தந்தைக்கும் இதிலேயே மறுமொழி இருக்கிறது. இரண்டரை மணி நேரப் படத்திற்கு ஒரு வாக்கியம் எழுத இரண்டு மணித்துளி போதும். வாரக் கடைசியில் மணிகளைக் கூட்டச் சொல்லுங்கள். கூட்டலும் பெருக்கலும் தாமே வரும். வாய்ப்பாட்டுக்கு நேரம் எங்கே போயிற்று என்பதும் தெரியவரும்.

ஏட்டில் இல்லாதவை

ஏடு, பார்த்ததை மட்டும் காட்டாது. பார்க்காததையும் காட்டும். அகவை வரம்பிட்ட படங்களை இரண்டாம் ஆண்டு பயிலும் தங்கையோடு சேர்ந்து பார்த்ததாக ‘யாருடன்’ என்ற கட்டம் சொல்லும்போது, திருந்த வேண்டியவர் பிள்ளையல்லர். ‘யாருடன்’ என்ற கட்டத்தில் ‘தனியாக’ என்றே பக்கம் முழுவதும் இருந்தால், அதைப் படிக்கும் பெற்றோர்க்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

என் வகுப்பு ஏடுகளில் இன்னொரு வெற்றிடத்தையும் கண்டேன். ஒருவர் ஏட்டிலும் இந்நாட்டில் நம்மவர் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை! தீபக் குமாரன் மேனன் 2005இல் ‘செம்மண் சாலை’ எடுத்தார்; இரப்பர்த் தோட்டத்துப் பெண்ணொருத்தி பல்கலைக்கழகம் போக விரும்பும் கதை. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் வந்தது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. கற்பனை வளமுள்ள பன்னிரண்டு அகவைச் சிறுவனைப் பள்ளியும் வீடும் எப்படிக் கைவிடுகின்றன என்பதைக் காட்டும் படம். ஆசிரியர்களும் பெற்றோரும் கட்டாயம் பார்க்க வேண்டும். வன்முறைக் காட்சிகள் உண்டு. ஆதலால் பிள்ளைக்குக் காட்டுவதா என்பதைப் பெரியவர்கள் முதலில் பார்த்து முடிவு செய்க. சென்னைத் தெருக்களை மனப்பாடமாக அறிந்த நம் பிள்ளைகள், தம் தோட்டத்துச் செம்மண்ணைத் திரையில் ஒருமுறையேனும் காண வேண்டாமா?

அந்த மாணவனின் ஏட்டில் இப்போதும் சனிக்கிழமைதோறும் அதே படத்தின் பெயர்தான். நான் எதுவும் கேட்பதில்லை. சென்ற மாதம் ஒரு வாரம் மட்டும் ‘யாருடன்’ என்ற கட்டத்தில் ‘அப்பா’ என்று இருந்தது. ‘இம்முறை கண்டது’ என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தான்: “அப்பா பாதியில் தூங்கிவிட்டார். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு மீதியைப் பார்த்தேன்.”

பெற்றோர்களே, இன்றிரவே ஓர் ஏட்டை எடுங்கள். முதல் வரியை நீங்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் தமிழாசிரியன்