கரிசல் காட்டுச் சிக்கனம்

கோவில்பட்டி என்றதும் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் நினைவுக்கு வரும். கூடவே, ‘தண்ணீர் இல்லாத சீமை’ என்ற பேச்சும் வரும். நாமும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால், இதே கரிசலில் எத்தனையோ உயிர்கள் கிடைத்த நீரைக் காத்துச் செம்மையாக வாழ்கின்றன. இறைவன் அவற்றுக்கு அளித்துள்ள அறிவை நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

சித்திரை வெயிலில் நிற்கும் உடை மரத்தைப் பாருங்கள். அதன் இலைகள் மிகச் சிறியவை. ஆதலால் வெயிலின் சூட்டை விரைவில் காற்றில் விட்டுவிடுகின்றன. சோளப்பயிரோ ஈரம் குறைந்ததும் இலையைச் சுருட்டிக்கொள்கிறது. இலையிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. வளர்ச்சியைச் சற்று நிறுத்தி வைத்து, மழை பெய்ததும் மீண்டும் தழைக்கிறது. இன்று நம் காடுகளில் பரவியுள்ள மக்காச்சோளத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. பூக்கும் தறுவாயில் ஈரம் தவறினால் கதிரில் மணி பிடிக்காது. மானாவாரி நிலத்துக்கு ஏற்ற பயிரைத் தேடும் பணிக்காகவே, 1901-இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில் இருக்கிறது.

விலங்குகளின் வழி வேறு. வெள்ளெலி பகல் முழுவதும் வளைக்குள் இருந்துவிட்டு, இரவில் இரை தேடப் புறப்படுகிறது. வியர்வைச் சுரப்பிகள் குறைந்த எருமை, கண்மாய்ச் சேற்றில் புரள்கிறது. உடம்பில் அப்பிய ஈரம் காயும்போது சூடு தணிகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். காகம் அலகைத் திறந்து மூச்சு வாங்கி, வாயின் ஈரத்தால் உடலைக் குளிர்விக்கிறது. அதே காகம், கழிவை வெண்மையான பசைபோல் வெளியேற்றி நீரை மிச்சப்படுத்துகிறது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ஈரத்தால் பெறும் குளிர்ச்சிக்கு விலை நீர். ஆகவே இவ்வுயிர்கள் முதலில் நிழலையும் நேரத்தையும் பயன்படுத்துகின்றன. அது போதாதபோதே நீரைச் செலவிடுகின்றன. நாமோ நிழல் தந்த வேம்பை வெட்டிவிட்டு, கொதிக்கும் மொட்டைமாடியில் குடம் குடமாகத் தண்ணீர் தெளிக்கிறோம். கோடையிலும் நாள்தோறும் நீர் கேட்கும் புல்தரையை அழகென்று வளர்க்கிறோம்.

“அழகு வேண்டாமா?” என்று சிலர் கேட்கலாம். வேண்டும். வேம்பும் புங்கும் பூத்து நிற்பது அழகில்லையா? வேரூன்றும் வரை சில ஆண்டுகள் நீர் ஊற்றினால் போதும். பிறகு பல தலைமுறைக்கு நிழல் தரும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று எழுதினார். குடத்துடன் குழாயடியில் காத்து நிற்கும் தாய்மார்களைக் கண்டு வளரும் நமக்கு இதன் பொருள் நன்கு புரியும். நாம் வீணாக்கும் ஒவ்வொரு குடமும் அவர்களுடைய பங்கு.

தோழியரே! ஒவ்வொரு வகுப்பும் ஒரு நிழல் மரத்தை நட்டு, வரும் ஐப்பசி மழையோடு வளர்க்கட்டும். கை கழுவும் நீர் அதன் பாத்திக்குச் செல்லட்டும். பெற்றோரும் தத்தம் வீட்டில் இதற்கு இடம் தரட்டும். மழைக்காக மன்றாடும் நாம், பெய்த மழைக்குக் கணக்குக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள்.