மூடி மறைப்பது நட்பாகாது

தொழில் செய்யும் இடத்திலே போதைக்கு இடமில்லை என்பதை எல்லோரும் ஒப்புவர். ஆயினும், உடன் வேலை செய்பவர் நிலை தடுமாறி வந்து நிற்கும்போது, "பாவம், பிள்ளைகுட்டிக்காரன்" என்று அவருடைய வேலையையும் தாமே செய்து மறைத்துவிடுவோர் பலர். இவ்விரக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சிறிது சிந்திப்போமாக.

1987ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலே, சரக்குப் புகையிரத எஞ்சின்கள் நிறுத்தற் சமிக்ஞையைத் தாண்டிப் பிரதான பாதையிற் புகுந்தன. விரைந்து வந்த பயணிகள் புகையிரதம் அவற்றின்மீது மோதிற்று. 16 பேர் மாண்டனர். எஞ்சின் சாரதியும் அவருடனிருந்த ஊழியரும் கஞ்சா புகைத்திருந்தமை விசாரணையில் வெளியாயிற்று. எச்சரிக்கைச் சீழ்க்கையின் ஓசையும் ஒட்டுநாடாவினால் அடைக்கப்பட்டிருந்தது. போக்குவரத்துத் தொழிலாளருக்குப் போதைப் பரிசோதனையை விதிக்கும் சட்டம் அந்நாட்டில் 1991இல் நிறைவேறியது.

பரிசோதனை வேண்டியதே, ஆனால் அதுமட்டும் போதாது. கஞ்சாவின் சுவடு சிறுநீரிலே பல நாள் தங்கும்; அந்த வேளையில் ஒருவர் வேலைக்குத் தகுதியானவரா என்பதை அது சொல்லாது. மேலும், தள்ளாடுவோரெல்லாம் குடித்தவரல்லர். இன்சுலின் ஏற்றும் நீரிழிவு நோயாளருக்கு இரத்தத்திற் சர்க்கரை குறைந்தால் வியர்க்கும், நாக்குழறும், நடை தளரும். அவரைக் குடிகாரரென ஏசித் துரத்தினால் உயிருக்கே மோசம் வரும். தடிமலுக்கு விழுங்கும் சில குளிசைகளும் தூக்கத்தை வருவிக்கும்.

ஆகவே மேற்பார்வையாளர் முதலில் அவரை இயந்திரத்தினின்றும் விலக்குக. பிறர் கேளாத இடத்தில், இன்னொருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, "குடித்தாயா?" என்று வினவாமல், கண்டதை மட்டும் சொல்லுக, நேரத்துடன் குறித்து வைக்குக. வைத்திய உதவி தேவையாயின் தாமதியாது அழைக்குக. தனியே வாகனமோட்டிச் செல்ல விடாமல், துணையுடன் வீடு சேர்ப்பிக்குக. மறுநாள் தெளிந்தபின் விதியையும் சிகிச்சைக்கான வழியையும் சேர்த்தே எடுத்துரைக்க வேண்டும். இலங்கையில் 1984இல் தோன்றிய தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை இத்தகையோருக்கு ஆலோசனை வழங்குகிறது. விதி முகாமையாளருக்கும் கூலியாளுக்கும் ஒன்றாகவே இருத்தல் அவசியம்.

இல்லத்தரசியருக்கும் ஒரு வார்த்தை. திங்கட்கிழமைதோறும் "அவருக்குக் காய்ச்சல்" என்று சொல்லியனுப்புவதால் கணவரின் உத்தியோகம் நிலைக்காது. தக்க வைத்தியரிடம் காலத்தோடு அழைத்துச் செல்வதே அவரையும் குடும்பத்தையும் காக்கும் வழியாகும்.