குறையைச் சொல்வதும் உதவியே

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள் நம் பெரியோர். ஆனால் திறந்த மூல மென்பொருளுக்கு இப்பழமொழி பொருந்தாது என்பது என் தாழ்மையான கருத்து. அங்கே பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். கண்டதை உரியவரிடம் சொல்லவும் வேண்டும்.

எங்கள் கணினி அறையில் லினக்ஸ் கணினிகள் உள்ளன. அவற்றில் டெர்மினல் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளைத் தட்டுவோம். அத்திரை உண்மையில் ஒரு வேடதாரி. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் வெளியிட்ட வி.டி.100 போன்ற பழைய கருவிகளைப் போல நடிக்கும் மென்பொருள் அது. அக்கருவியில் 24 வரிகள், வழக்கமாக வரிக்கு 80 கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலத்துக்கு இது போதும். நம் தமிழுக்கோ?

என் பெயரின் முதலெழுத்து 'ஜோ'. ஒருநாள் என் பெயர் எழுதிய கோப்பைத் திரையில் வரவழைத்தேன். பொருளற்ற குறிகள் வரிசையாக வந்து நின்றன. "இந்த மென்பொருளே மோசம், மிஸ்" என்றேன். எங்கள் கணினி ஆசிரியை, "முதலில் மொழி அமைப்பு என்னவென்று பார்" என்றார். அது 'சி' என்றிருந்தது. யு.டி.எஃப்-8 என்று மாற்றித் திரையை மூடித் திறந்ததும் தமிழ் வந்துவிட்டது! நான் சுமத்தியது வீண்பழி. வெட்கமாகத்தான் இருந்தது.

ஆயினும் எழுத்து முழுமையாகவில்லை. 'ஜ' ஒரு கட்டத்தில் நிற்க, அதன் கொம்பும் காலும் அடுத்த கட்டத்தில் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றன. எழுத்துருவின் கோளாறோ என்று ஐயுற்று, அதே எழுத்துருவில், அதே கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்தோம். அங்கே பழுதில்லை. யூனிகோடில் 'ஜோ' என்பது இரண்டு குறியீடுகள்: ஜகரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. இரண்டையும் சேர்த்து வரையாமல், ஆளுக்கொரு கட்டம் என்று பாகம் பிரித்துவிட்டது எங்கள் டெர்மினல். இப்போதுதான் பழி உரிய இடத்தில் விழுந்தது.

"நமக்கேன் வம்பு? ஆங்கிலத்திலேயே தட்டிவிட்டுப் போ" என்றனர் தோழியர் சிலர். எனக்கு இது சம்மதமில்லை. இத்தகைய மென்பொருள்களைக் கட்டிக் காப்பவர் மிகச் சிலரே. 1984இல் தோன்றிய எக்ஸ்டெர்மை 1996 முதல் தாமஸ் டிக்கி என்பவர் பராமரித்து வருகிறார். அப்படிப்பட்டவர்கள் தமிழ் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? ஜகரம் உடைந்திருப்பது நம் கண்ணுக்குத்தான் தெரியும்.

சொல்வதிலும் முறை உண்டு. புட்டி என்னும் மென்பொருளை எழுதிய சைமன் டேத்தம் 1999இல் இது பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். நிரலை எழுதியவர் குறையைத் தம் கண்ணாலேயே காணும்படி நாம் செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. 'வேலை செய்யவில்லை' என்று மொட்டையாக எழுதினால் அவர் எதைக் காண்பார்? எனவே நான் என் பெயரையெல்லாம் விட்டுவிட்டு, 'ஜோ' என்ற ஓரெழுத்தை மட்டும் வைத்து, தட்டிய கட்டளை, எதிர்பார்த்தது, கண்டது, மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவற்றை எழுதி, திரையின் படத்தோடு அனுப்பினேன். எழுதி முடிக்க இரண்டு மதிய இடைவேளைகள் ஆயின.

எழுத்துருவின் பெயரைக் கேட்டுப் பதில் வந்திருக்கிறது. அதை எழுத மறந்துபோனேன். திங்கட்கிழமை கணினி அறை திறந்ததும் பார்த்து அனுப்ப வேண்டும்.