உத்திரம் எவ்வளவு தொய்யும்?

வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் கேட்கிற ஒரே கேள்வி, "தாங்குமா?" என்பதுதான். "யானையே ஏறி நிக்கலாம் சார்" என்று பதில் வரும். (கூடலூரில் யானையைச் சும்மா பேச்சுக்குக்கூட இழுக்கக் கூடாது. அது வேறு கதை.) "எவ்வளவு தொய்யும்?" என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊர் மழைக்கு அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. மொட்டைத் தளம் நடுவில் கொஞ்சம் இறங்கினால் போதும், ஜூன், ஜூலையில் தண்ணீர் அங்கேதான் தேங்கும். தேங்கிய நீரின் கனம் இன்னும் கொஞ்சம் இறக்கும். பிறகு கசிவு, உள்ளே கம்பியில் துரு.

தொய்வைக் கணக்கிட இரட்டைத் தொகையிடல் என்று ஒரு முறை உண்டு. 1826-ல் நேவியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் உத்திரக் கணக்கைக் கட்டட வேலைக்கு உதவும் பாடமாக வெளியிட்டார். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். தொய்வுக்கு அந்த மொழியில் 'ஃபிளெஷ்' என்பார்கள், அம்பு என்று பொருள். வளைந்த உத்திரம் வில், முனைகளை இணைக்கும் நேர்கோடு நாண், நடுவில் உள்ள இடைவெளி அம்பு. எவ்வளவு பொருத்தம்!

குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சேமிப்புக் கணக்கில் வரவு செலவைக் கூட்டிக்கொண்டே வந்தால் அன்றன்றைய இருப்பு. அந்த இருப்புகளை நாள்தோறும் கூட்டினால் வட்டி போடுவதற்கான தொகை. உத்திரத்திலும் அப்படித்தான். ஒவ்வோர் இடத்திலும் பாரம் வளைக்கப் பார்க்கும் வலுவை உத்திரத்தின் விறைப்பால் வகுத்தால் அங்குள்ள வளைவு கிடைக்கும். வளைவுகளை ஒரு முனையிலிருந்து கூட்டிக்கொண்டே போனால் சரிவு. சரிவுகளைக் கூட்டினால் தொய்வு. ஆரம்ப இருப்பு இரண்டு வேண்டும். சுவர்மேல் தொய்வு பூஜ்யம், அது ஒன்று. ஆரம்பச் சரிவு தெரியாது. ஆனால் மறுமுனையும் சுவர்மேல்தான் இருக்கிறது, அங்கும் தொய்வு பூஜ்யத்தில் முடிய வேண்டும். அதை வைத்துப் பின்னோக்கிப் போட்டால் கிடைத்துவிடும்.

விடையில்தான் விஷயம் இருக்கிறது. சீரான பாரம் ஏறிய உத்திரத்தில் தொய்வு நீளத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும். அதே உத்திரத்தோடு 10 அடி அறையை 12 அடி ஆக்கினால், முறிக்கப் பார்க்கும் வலு 1.44 மடங்குதான், தொய்வோ 2.07 மடங்கு. "ரெண்டடிதானே, இழுத்துக்கலாம்" என்பவர்கள் கவனிக்க. மரச் சட்டத்தின் அகலத்தை இரட்டித்தால் விறைப்பு 2 மடங்கு, உயரத்தை இரட்டித்தால் 8 மடங்கு. சட்டத்தைப் படுக்க வைக்காமல் குத்தாக வைப்பதன் நியாயம் இதுதான்.

கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 விதிப்படி மொத்தத் தொய்வு நீளத்தில் 250-ல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 12 அடிக்கு அது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். முட்டுக்கால்களை எப்போது எடுக்கலாம் என்பதும் அதே விதியில் இருக்கிறது: 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்துக்கு 21 நாள். அதுவும் சாதாரண சிமெண்டுக்கு, குளிர் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்தில். மலையில் பனிக்காலத்து இரவுகளில் இன்னும் பொறுக்க வேண்டும். அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று ஐந்தாம் நாளே சென்டரிங்கைப் பிரிப்பதை நான் ஒப்ப மாட்டேன். கான்கிரீட் பாரத்தின்கீழ் ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கும். இளசாக இருக்கும்போதே பாரம் ஏற்றினால் இறக்கமும் கூடுதல்.

வரைபடத்துக்குப் பணம் கொடுக்கும்போது தொய்வுக் கணக்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வராது.