சான்றைக் கண்முன் நிறுத்தல்: தமிழியல் கருத்தரங்குகளில் ஆய்வுச் சுவரொட்டி

தமிழியல் கருத்தரங்குகளில் ஆய்வுச் சுவரொட்டி இன்னும் மாற்றாந்தாய் மனப்பான்மையோடே நோக்கப்படுகின்றது. கட்டுரை வாசிக்க இடம் கிடைக்காத இளம் ஆய்வாளர்க்கு அளிக்கும் ஆறுதலாகவே அமைப்பாளர் பலர் அதனைக் கருதுகின்றனர். ஆய்வுச் சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மேலே பல்கலைக்கழக இலச்சினையும் கீழே நன்றியுரையும் சேர்த்து, உணவுக்கூடத்திற்குச் செல்லும் நடைவழியில் தொங்கவிடுவதோடு கடமை முடிந்துவிடுகின்றது. சான்றிதழ் கிடைக்கின்றது, நின்று படித்தவர் அரியர். 1970களில் அறிவியல் மாநாடுகளில் பரவிய இவ்வடிவம் இலக்கண இலக்கிய ஆய்வுக்கு எதற்கு என்னும் வினாவும் அவ்வப்போது எழுகின்றது. அது புறந்தள்ளத்தக்க வினா அன்று. ஆயினும் தமிழியலின் ஒரு பெரும்பகுதி கண்ணால் கண்டு தெளிய வேண்டிய சான்றுகளின்மேல் நிற்கின்றது. ஏடு, கல்வெட்டுப் படி, பழம்பதிப்பின் பக்கம், வட்டார வழக்கின் நிலப்படம் ஆகியவற்றைப் பத்து மணித்துளி வாசிப்பில் அவையோர் கண்முன் நிறுத்த இயலாது. திரையில் ஒரு நொடி தோன்றி மறையும் படமும் அக்குறையைத் தீர்ப்பதில்லை.

சுவடிப் பாடம் பற்றிய ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். ஓலையில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு இல்லை. வீரமாமுனிவர் கொம்பை மேற்சுழித்து நெடிலை வேறுபடுத்திய பின்னரும் ஏடெழுதுவோர் பலர் பழைய வழக்கையே தொடர்ந்தனர். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். எனவே கொம்பு, ககரம், கால், லகரம் என ஏட்டில் தொடர்ந்து நிற்கும் வடிவங்களைக் கொல் எனவும் கோல் எனவும் கொல எனவும் படிக்க இடமுண்டு. கொல என்பது நிரையசை ஆதலின் அதனை ஏற்கவோ விலக்கவோ யாப்பு துணைசெய்யும். கொல், கோல் இரண்டும் நேரசையே. அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வதற்கு யாப்பு உதவாது. சூழலும் பிற சுவடிகளும் உரையுமே துணை. இதனை மேடையில் வாயால் விளக்கினால் கேட்போருள் சுவடிப் பயிற்சி உடையோர் தலையசைப்பர், ஏனையோர் காத்திருப்பர். அதே ஏட்டுப் பகுதியை உருப்பெருக்கி, அதன் கீழ் எழுத்துக்கு எழுத்தான பெயர்ப்பும், அதன் கீழ் இயலும் பாடங்களும், இறுதியில் பதிப்பாசிரியர் கொண்ட பாடமும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால், முதுகலை மாணவரும் தாமே படித்து மாறுபட இயலும். பார்ப்பவர் மாறுபடுவதற்கு இடமளிப்பதே இவ்வடிவத்தின் தனிப்பயன்.

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் மைக் மாரிசன் 2019இல் முன்வைத்த அமைப்பு அறிவியல் துறைகளில் விரைவாகப் பரவியது. ஆய்வின் முடிவை எளிய நடையில் ஒரே தொடராக்கி நடுவில் மிகப்பெரிய எழுத்தில் நிறுத்துவதும், விவரங்களை ஓரங்களுக்கு ஒதுக்குவதும், முழுக்கட்டுரைக்குக் கியூஆர் குறியீட்டால் வழிகாட்டுவதும் அதன் கூறுகள். சொற்பெருக்கத்தை அது அடக்கியது, அவ்வளவில் பாராட்டத்தக்கது. எனினும் அதனை அப்படியே பின்பற்றுவது தமிழியலுக்குப் பொருந்தாது. பாட ஆய்வில் முடிவைக் காட்டிலும் அம்முடிவுக்கு வந்த வழியே ஆராயத்தக்கது. சான்றை ஓரத்திற்குத் தள்ளி முடிவை முழங்கும் தாள், அரசியல் சுவரொட்டிக்கு அணுக்கமாகிவிடும். நடுவிடம் ஏட்டுக்கு உரியது. முன்னுரை, கருதுகோள், ஆய்வு நெறிமுறை, முடிவுரை எனக் கட்டம் கட்டி நிரப்பும் வழக்கமும் அவ்வாறே கைவிடத்தக்கது. ஒரு செய்யுளின் நயத்தையோ ஒரு புதினத்தின் சமூகப் பார்வையையோ விரித்துரைக்கும் ஆய்வு தொடர்ந்த உரைநடையையே வேண்டும். அதனைச் சுவரொட்டியாக்குமாறு மாணவரை வற்புறுத்துதல் அந்த ஆய்வுக்கு இழைக்கும் தீங்காகும்.

அளவும் பொருளை ஒட்டியே அமைதல் வேண்டும். ஏ0 தாள் 841 மி.மீ.க்கு 1189 மி.மீ. அளவுடையது. 40 செ.மீ. நீளமும் 3.5 செ.மீ. அகலமும் உடைய ஏட்டை இத்தாளில் கிடையமைப்பில் இரண்டரை மடங்கு பெருக்கினால் ஒரு மீட்டர் நீளத்திற்கு விரியும். உயரம் 9 செ.மீ.க்கும் குறைவே. எஞ்சிய இடம் பெயர்ப்புக்கும் விளக்கத்திற்கும் தாராளமாகப் போதும். நெட்டமைப்பையே அமைப்பாளர் விதித்திருப்பின் இரு மடங்கோடு அமைய வேண்டியதுதான். ஒரு மீட்டர் நீளப் படம் அங்குலத்திற்கு 150 படப்புள்ளிகளேனும் பெற ஏறத்தாழ 5,900 படப்புள்ளி நீளமுள்ள மூலப்படம் தேவை. வாட்சப்பில் சாதாரணப் படமாக அனுப்பப்படுவது சுருங்கிவிடும். 1,600 படப்புள்ளி நீளமே உள்ள படத்தை அந்த அளவுக்கு விரித்தால் அங்குலத்திற்கு நாற்பதே எஞ்சும். எழுத்தாணிக் கீற்றுக்கும் ஏட்டின் நரம்புக்கும் வேறுபாடு தெரியாது. படத்தின் அருகில் செ.மீ. அளவுகோலும், கீழே நூலகத்தின் பெயர், சுவடி எண், ஏட்டு எண் ஆகியவையும் இடம்பெறல் வேண்டும். நூலகத்தின் இசைவும் முன்னரே பெறத்தக்கது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய பதிப்புகளைக் காட்டுவோர் அப்பக்கத்தைப் படமாகவே தரவேண்டும். மறுதட்டச்சில் ணை, லை, னை முதலியன இன்றைய வடிவத்திற்கு மாறிவிடும். சான்றும் உடன் மாறிவிடும்.

அச்சகத்தில் நேரும் இடர்ப்பாடே பெரும்பாலான சுவரொட்டிகளைக் கெடுக்கின்றது. ஒருங்குறியைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு 2010இல் ஆணையிட்டது. எனினும் பிளெக்ஸ் கடைகள் பலவற்றில் பழைய குறியாக்க எழுத்துருக்களே இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஆய்வாளர் ஒருங்குறியில் கொடுத்ததை வடிவமைப்பாளர் மாற்றியொன்றில் இட்டுப் பழைய எழுத்துருவுக்குக் கொணர்கின்றார். அந்நிலையில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கிரந்த எழுத்துகள் சிதையும். சில இடங்களில் புள்ளியிட்ட வெற்று வட்டம் தோன்றும். புள்ளியில்லா ஏட்டைப் பற்றிய சுவரொட்டியில் புள்ளி இடம்மாறி நிற்பதைக் காட்டிலும் இரங்கத்தக்க காட்சி வேறில்லை. எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் கோப்பையோ, எழுத்துகள் யாவும் வரைகோடுகளாக மாற்றப்பட்ட கோப்பையோ கொடுத்து, கடையில் எதனையும் மறுதட்டச்சு செய்ய இடந்தராமையே இதற்குத் தீர்வு. அடோபி இன்டிசைனில் அமைப்போர், பல்மொழி எழுத்துகளுக்கெனத் தரப்பட்டுள்ள பத்தி அமைப்பியைத் தெரிவு செய்யாவிடில் அங்கும் கொம்பு சிதறும்.

எழுத்தின் பருமனும் எண்ணத்தக்கது. தடித்த எழுத்துருவில் சுழிகள் அடைபட்டு, சற்றுத் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு ணகரமும் னகரமும் ஒன்றாகத் தோன்றும். தமிழ்ச் சொற்கள் ஒட்டுகள் சேர்ந்து நீள்பவை. குறுகிய பத்தியில் இருபுறமும் சமன்செய்தால் சொல்லிடை வெளிகள் ஓட்டை விழுந்தாற்போல் விரியும். ஆதலின் இடப்புறம் மட்டும் ஒழுங்குறச் செய்தலே தகும். விளக்கப் பகுதி 36 பாயிண்டுக்குக் குறையாமலும் மொத்தம் முந்நூறு சொற்களுக்கு மிகாமலும் அமைவது நன்று. இதனைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஏ0 தாளை ஏ4 அளவுக்குச் சுருக்கினால் நீள அகலங்கள் நான்கில் ஒரு பங்காகும்; 36 பாயிண்ட் எழுத்து 9 பாயிண்டாகும். துறையின் அச்சுப்பொறியில் எடுத்த அந்த ஏ4 தாளைக் கையில் பிடித்து இடர்ப்பாடின்றிப் படிக்க இயலாவிடில், பெரிய தாளையும் எவரும் படிக்கப் போவதில்லை. பிழைதிருத்தமும் அத்தாளிலேயே முடியும்.

பிளெக்ஸ் சாலையோரத்தில் தொலைவிலிருந்து காண்பதற்கு உரியது. கைக்கெட்டும் தொலைவில் அதன் மைத்துளிகள் கண்ணுக்குத் தெரியும். அரங்க விளக்கொளியும் அதில் பட்டுக் கூசும். பளபளப்பற்ற தாளில் எடுத்தால் செலவு கூடும் என்பது மெய்யே. உதவித்தொகை பெறாத ஆய்வாளர்க்கு அது சுமைதான். கருத்தரங்க மேடையின் பின்புலப் பதாகைக்கும் வரவேற்பு வளைவுக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை அமைப்பாளர் இதற்குத் திருப்பலாம். அமர்வு நேரமும் அவர் கையில் உள்ளது. உணவு இடைவேளையில் ஒதுக்காமல், வேறு அமர்வு நடவாத ஒரு மணி நேரத்தை இதற்கென வழங்கி, ஆய்வாளரைத் தம் சுவரொட்டியின் அருகில் நிற்கச் செய்தால், ஒரே ஏட்டின்முன் சுவடியியலாரும் கல்வெட்டறிஞரும் சந்திக்கும் வாய்ப்பு உண்டாகும்.

ஆய்வுக்கோவை தொகுக்குங்கால் சுவரொட்டிகள் விடுபடுவது மற்றொரு குறை. சுருக்கிய படமும் ஒரு பக்க விளக்கமும் சேர்ந்தால் பிற்காலப் பதிப்பாசிரியர் அப்பாட வாசிப்பை ஏற்றோ மறுத்தோ மேற்கோள் காட்ட இயலும். இப்போது அவை துறை அலமாரியின்மேல் சுருட்டி வைக்கப்படுகின்றன; பின்புறம் வெண்மையாக இருப்பதால் அடுத்த ஆண்டுக் கருத்தரங்கில் உணவுக்கூடத்திற்கு வழிகாட்டும் அம்புக்குறி வரையப் பயன்படுவதும் உண்டு.